மூட்டைமேல் மார்க்

எலுமிச்சைக்குப் பெயர்போன ஊர் புளியங்குடி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் பறித்த காய் இங்கே கமிஷன் கடைகளில் ஏலம் போகிறது. கணிசமான பங்கு மலையைத் தாண்டிக் கேரளத்துக்குச் செல்கிறது. அப்படிப்பட்ட கடை ஒன்றை மனத்தில் வரைந்துகொள்வோம். முன்பக்கம் ஏலத்தளம், பின்பக்கம் ஆபீஸ் அறை, வளாகத்தின் கடைசியில் ஒரு குடோன். ஆபீசில் பில் போட இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஏலத்தளத்திலும் குடோனிலும் கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் படத்தைச் சேமிக்க ஒரு ரெக்கார்டர். வந்து போகும் வியாபாரிகளுக்கும் லாரி டிரைவர்களுக்கும் வைஃபை. இவை அத்தனையும் கடைசியில் வந்து சேருவது சுவரில் மாட்டிய எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றில். அங்கிருந்து ஒரு கேபிள் இணைய ரவுட்டருக்குப் போகிறது.

இந்த ஏற்பாடு ஓடும். பல ஊர்களில் பல கடைகளில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதில் யாரும் யாரையும் எட்டலாம். வைஃபை பாஸ்வேர்டு வாங்கிய டிரைவரின் செல்போன், கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் மூன்றும் ஒரே வலையில் இருக்கின்றன. அந்தச் செல்போனில் ஏதாவது கெட்ட நிரல் ஒட்டிக்கொண்டிருந்தால், கணக்குக் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிப் பார்க்க அதற்குத் தடையே இல்லை.

பிரித்துவைக்க நேரான வழி ஒன்று உண்டு. மூன்று வேலைக்கு மூன்று சுவிட்ச் வாங்கி, குடோனுக்கும் தனித்தனியாக கேபிள் இழுத்துவிடலாம். செலவு கூடும்; நாளைக்கு நான்காவதாக ஒரு தேவை வந்தால் மறுபடியும் குழி தோண்டவேண்டும். ஓர் இடத்துக்கு ஒரே சுவிட்சையும் இடையில் ஒரே கேபிளையும் வைத்துக்கொண்டு, வலையை மட்டும் மூன்றாகப் பிரிக்க முடியுமா? முடியும். அதற்குப் பெயர் வி-லேன். அதைச் சாத்தியமாக்குவது ஒவ்வொரு தரவுத் துண்டிலும் செருகப்படும் நான்கே நான்கு பைட்.

சுவிட்சுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

கம்ப்யூட்டர்கள் ஈத்தர்நெட் கேபிளில் தரவை மொத்தமாகக் கொட்டுவதில்லை. சிறு சிறு துண்டுகளாக அனுப்புகின்றன. அந்தத் துண்டுக்கு ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பிலும் பெறுபவரின் முகவரி 6 பைட், அனுப்புபவரின் முகவரி 6 பைட் இருக்கும். இவை மேக் முகவரிகள். பொதுவாகக் கருவி செய்த இடத்திலேயே பொறிக்கப்பட்டு வருபவை.

சுவிட்ச் அந்த முகவரிகளைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. மூன்றாம் போர்ட்டில் ஒரு ஃபிரேம் வந்தால், அதை அனுப்பியவரின் முகவரியைக் குறித்துக்கொண்டு ‘இந்த ஆள் மூன்றாம் போர்ட்டில் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் எழுதிவைக்கும். அடுத்த முறை அவருக்கென்று ஏதாவது வந்தால் நேரே அங்கே அனுப்பும். வெகுநேரம் குரல் கொடுக்காதவரின் பெயரை அழித்துவிடும். வழக்கமான காலக்கெடு 300 விநாடி.

அட்டவணையில் இல்லாத ஆளுக்கு ஃபிரேம் வந்தால் என்ன செய்யும்? வந்த போர்ட் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். எல்லோருக்கும் என்றே எழுதப்பட்ட ஃபிரேம்களும் உண்டு. ‘192.168.1.1 என்ற முகவரிக்காரர் யார்?’, ‘எனக்கு ஒரு ஐ.பி. முகவரி வேண்டும், யார் தருவீர்கள்?’ என்று ஒவ்வொரு கருவியும் அடிக்கடி பொதுவில் கேட்கும். இந்தக் கேள்வி எட்டும் தூரம்தான் ஒரு வலையின் எல்லை. சாதாரண சுவிட்சில் எட்டு போர்ட்டும் அந்த எல்லைக்குள் அடக்கம். சுவிட்சோடு சுவிட்சை இணைத்தால் எல்லையும் விரியும். வி-லேன் செய்வது இந்த எல்லையைச் சுருக்குவதுதான்.

வணிகரீதியாக வெற்றி பெற்ற முதல் ஈத்தர்நெட் சுவிட்சை 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது கலிபோர்னியாவைச் சேர்ந்த கல்பனா என்ற நிறுவனம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ், தன் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது.

வேகத்துக்காகப் பிறந்த யோசனை

வி-லேன் பற்றிய யோசனை அதற்கும் முந்தியது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 1980-களில் பணியாற்றிய டேவிட் சின்காஸ்கி, ஈத்தர்நெட்டை ஓர் அலுவலகத்துக்குள் முடங்கிவிடாமல் பெரிய வலைகளுக்கும் ஏற்றதாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. சுவிட்சுகளை வட்டமாக இணைத்துவிட்டால் பொதுவில் கேட்கும் கேள்விகள் முடிவே இல்லாமல் சுற்றி வலையையே முடக்கிவிடும். அதைத் தடுக்க ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த முறை, உபரிப் பாதைகளை அடைத்துவிட்டு ஒரே மரவடிவப் பாதையை மட்டும் விட்டுவைக்கும். வட்டம் ஒழிந்தது, ஆனால் நெரிசல் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் அடிப்பகுதியில் வந்து குவிந்தது.

சின்காஸ்கியும் சேஸ் காட்டனும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு மரத்துக்குப் பதில் பல மரங்களை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எந்த ஃபிரேம் எந்த மரத்தைச் சேர்ந்தது என்று தெரியவேண்டுமே? அதற்கு ஃபிரேமிலேயே ஓர் அடையாளம் சேர்த்தார்கள். இன்று பாதுகாப்புக்காகவும் பிரித்துவைப்பதற்காகவும் பயன்படும் இந்த அடையாளம், அதாவது டேக், பிறந்தபோது நெரிசலைக் குறைக்க வந்தது.

பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டது. சிஸ்கோவின் பழைய முறை, முழு ஃபிரேமையும் இன்னோர் உறைக்குள் போட்டு 30 பைட்டைக் கூட்டியது; வேறு நிறுவனத்தின் சுவிட்சுக்கு அது விளங்காது. 1998-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு 802.1க்யூ என்ற பொதுத் தரத்தை வெளியிட்ட பிறகுதான் எந்த நிறுவனத்தின் சுவிட்சும் எதோடும் ஒத்துப்பேசத் தொடங்கியது.

நான்கு பைட்டுக்குள் என்ன இருக்கிறது

802.1க்யூ தரம் ஃபிரேமை உறையில் போடுவதில்லை. அதைத் திறந்து நடுவில் செருகுகிறது. பெறுபவர் முகவரி, அனுப்புபவர் முகவரி இரண்டும் முடிந்த இடத்தில் 4 பைட் நுழைகிறது. அதாவது 32 பிட்.

முதல் 16 பிட், ‘அடுத்து வருவது டேக்’ என்று அறிவிக்கும் நிலையான எண். பதினறும முறையில் 8100. அடுத்த 3 பிட் முன்னுரிமை: 0 முதல் 7 வரை எட்டுப் படி. நெரிசல் நேரத்தில் தொலைபேசிக் குரல் முன்னே போகட்டும், கோப்புப் பதிவிறக்கம் காத்திருக்கட்டும் என்று சொல்ல உதவும். அதற்கடுத்த 1 பிட், நெருக்கடி வந்தால் இதை உதறிவிடலாமா என்பதற்கு. மிச்சமிருக்கும் 12 பிட்தான் நமக்கு முக்கியம்: வி-லேன் எண்.

12 பிட்டில் 4096 எண்கள் அடங்கும். 0-வும் 4095-உம் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. எனவே 1 முதல் 4094 வரை நாம் வைத்துக்கொள்ளலாம். டேக் சேர்ந்ததும் ஃபிரேமின் அதிகபட்ச நீளம் 1518 பைட்டிலிருந்து 1522 ஆகிறது. உள்ளடக்கம் மாறிவிட்டதால், வழியில் பிழை நேர்ந்ததா என்று சோதிக்க ஃபிரேமின் கடைசியில் இருக்கும் எண்ணையும் சுவிட்ச் மறுபடி கணக்கிட்டு எழுதுகிறது.

இந்த டேக்கை யார் போடுகிறார், யார் கழற்றுகிறார்? பல வியாபாரிகளின் மூட்டைகள் ஒரே லாரியில் போகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். கடைக்குள் இருக்கும்வரை மூட்டைக்கு மார்க் தேவையில்லை. எல்லாம் அந்தக் கடையின் சரக்குதான். லாரியில் மற்றவர் சரக்கோடு கலக்கும்போது மார்க் இல்லாமல் முடியாது. போய்ச் சேரும் இடத்தில் மார்க்கைப் பார்த்துப் பிரித்து அவரவர் கடையில் இறக்குவார்கள். காயை வாங்கிப் போகிறவர் மார்க்கைக் கவனிப்பதே இல்லை.

சுவிட்சிலும் அப்படியே. கம்ப்யூட்டரோ கேமராவோ மாட்டியிருக்கும் போர்ட்டில் ஃபிரேம் டேக் இல்லாமல்தான் வரும், போகும். அந்தப் போர்ட்டை அன்டேக்டு என்பார்கள். சிஸ்கோ வழக்கில் ஆக்சஸ் போர்ட். சுவிட்சோடு சுவிட்ச், சுவிட்சோடு ரவுட்டர் சேரும் போர்ட்டில் பல வி-லேன்கள் ஒரே கேபிளில் கலந்து பயணிப்பதால் டேக் வேண்டும். அது டேக்டு போர்ட். சிஸ்கோ வழக்கில் டிரங்க்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமை எந்த வி-லேனில் சேர்ப்பது என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் எண் சொல்லவேண்டும். அதற்கு பி.வி.ஐ.டி. என்று பெயர். வெளியே போவதை டேக்டு, அன்டேக்டு என்ற தேர்வு முடிவுசெய்கிறது. டேக் இல்லாமல் உள்ளே வருவதை பி.வி.ஐ.டி. முடிவுசெய்கிறது. பல விலை குறைந்த சுவிட்சுகளில் இவை இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட்டால், பதில் ஒரு வி-லேனில் வரும், கேள்வி வேறொரு வி-லேனில் போகும். வி-லேன் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பல இதனால் வருபவை.

கடையைப் பிரிப்போம்

முதலில் வேண்டியது செட்டிங் மாற்றக்கூடிய சுவிட்ச். ஸ்மார்ட் அல்லது மேனேஜ்டு என்று பெட்டியில் எழுதியிருக்கும். நம் கடைக்கு இரண்டு: ஆபீசில் ஒன்று, குடோனில் ஒன்று. அடுத்தது, வி-லேன் புரிந்த ரவுட்டர். இணைய நிறுவனம் கொடுக்கும் மோடம் பெரும்பாலும் இதற்கு ஒத்துவராது. மைக்ரோடிக் போன்ற ரவுட்டரோ, ஓபன்-டபிள்யூ-ஆர்.டி. மென்பொருள் ஏற்றிய ரவுட்டரோ வேண்டும்.

சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து எழுதிவிடுவது நல்லது. கணக்குக்கு வி-லேன் 10, கேமராவுக்கு 20, விருந்தினர் வைஃபைக்கு 30. எண்களுக்குத் தனி அர்த்தம் இல்லை. நடுவில் இடம்விட்டு வைத்தால் பின்னால் சேர்க்க வசதி.

ஆபீஸ் சுவிட்சில் 1-ஆம் போர்ட் ரவுட்டருக்கு: 10, 20, 30 மூன்றும் டேக்டு. 2, 3, 4 போர்ட்டுகளில் இரண்டு கம்ப்யூட்டரும் பிரிண்டரும்: வி-லேன் 10 அன்டேக்டு, பி.வி.ஐ.டி. 10. 5-இல் ஏலத்தளக் கேமரா, 6-இல் ரெக்கார்டர்: வி-லேன் 20 அன்டேக்டு, பி.வி.ஐ.டி. 20. 7-இல் வைஃபை பெட்டி. இது இரண்டு பெயரில் வைஃபை தருவது: ஊழியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. எனவே வி-லேன் 10 அன்டேக்டு, 30 டேக்டு, பி.வி.ஐ.டி. 10. வைஃபை பெட்டியின் செட்டிங்கில் விருந்தினர் பெயருக்கு 30 என்ற எண்ணைக் கொடுக்கவேண்டும். 8-ஆம் போர்ட் குடோனுக்கு: 10, 20 டேக்டு. குடோனில் விருந்தினர் வைஃபை இல்லை என்பதால் 30 அந்தக் கேபிளில் போகவேண்டிய அவசியமே இல்லை.

குடோன் சுவிட்சில் 1-ஆம் போர்ட் ஆபீசுக்கு, அதே 10, 20 டேக்டு. 2-இல் எடை பதியும் கம்ப்யூட்டர், வி-லேன் 10. 3, 4-இல் கேமராக்கள், வி-லேன் 20.

இனி ஒரு ஃபிரேமின் பின்னாலேயே போவோம். குடோன் கேமரா, ரெக்கார்டருக்குப் படம் அனுப்புகிறது. டேக் ஏதும் இல்லாத ஃபிரேம் 3-ஆம் போர்ட்டுக்குள் வருகிறது. பி.வி.ஐ.டி. 20 என்பதால் சுவிட்ச் அதை 20-இல் சேர்க்கிறது. ஆபீஸ் பக்கம் போகும் போர்ட்டில் டேக்டு என்றிருப்பதால் 20 என்ற எண்ணோடு நான்கு பைட்டைச் செருகி அனுப்புகிறது. ஆபீஸ் சுவிட்ச் டேக்கைப் படித்து, வி-லேன் 20-க்கான அட்டவணையில் மட்டும் ரெக்கார்டரைத் தேடி, 6-ஆம் போர்ட்டில் டேக்கைக் கழற்றிவிட்டு இறக்குகிறது. கேமராவுக்கும் தெரியாது, ரெக்கார்டருக்கும் தெரியாது, இடையில் இப்படி ஒன்று நடந்ததென்று. டிரைவரின் செல்போன் பொதுவில் கேட்கும் கேள்வியோ வைஃபை பெட்டியையும் ரவுட்டரையும் தாண்டி எங்கும் போகாது.

பிரித்தாகிவிட்டது, ஆனால் முதலாளி தன் கம்ப்யூட்டரில் கேமராப் படம் பார்க்கவேண்டுமே? 10-லிருந்து 20-க்குச் சுவிட்ச் வழிவிடாது. அந்த வேலை ரவுட்டருடையது. மூன்று வி-லேனுக்கும் 192.168.10, 192.168.20, 192.168.30 என்று தொடங்கும் மூன்று ஐ.பி. வரிசைகளைக் கொடுத்து, ரவுட்டரில் விதிகள் எழுதவேண்டும்: 10 கேமராவைப் பார்க்கலாம், கேமரா தானாக 10-ஐத் தொடக்கூடாது, 30 இணையத்துக்கு மட்டும் போகலாம், கேமராக்கள் இணையத்துக்கே போகவேண்டாம். விதி எழுதாமல் விட்டால், பல ரவுட்டர்கள் எல்லா வி-லேனையும் ஒன்றோடொன்று பேச விட்டுவிடும். சுவிட்சில் பட்ட பாடு அத்தனையும் வீண்.

கேமராவை இணையத்திலிருந்து ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற கெட்ட நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, ஒரே நேரத்தில் ஏவிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. தாக்கியவை பெரிய கம்ப்யூட்டர்கள் அல்ல, கடை வாசல் கேமரா போன்றவை.

எங்கே சறுக்கும்

செட்டிங் மாற்றும்போது முதல் ஆபத்து, நாமே வெளியே பூட்டப்படுவது. எந்தப் போர்ட் வழியாகச் சுவிட்சைத் திறந்து வேலைசெய்கிறோமோ அதன் வி-லேனை மாற்றிய நொடியில் சுவிட்ச் நம் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு போர்ட்டை மட்டும் கடைசிவரை தொடாமல் வைத்துக்கொள்ளவேண்டும். தொலைவில் இருக்கும் சுவிட்சை முதலில் மாற்றி, பக்கத்தில் இருப்பதைப் பிறகு மாற்றுவது உத்தமம். இல்லையென்றால் வழி அறுந்து, குடோனுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்.

இரண்டாவது, சேமிக்க மறப்பது. பல சுவிட்சுகளில் மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும், ஆனால் நிரந்தர நினைவகத்தில் பதியாது. தனியாக சேவ் கொடுக்கவேண்டும். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் கரண்ட் போய் வரும். பழைய செட்டிங் திரும்பிவிடும்.

மூன்றாவது, இரு முனையும் ஒத்துப்போகாமல் இருப்பது. ஒரு பக்கம் 20 டேக்டு, மறுபக்கம் 20 சேர்க்கப்படவே இல்லை என்றால் ஃபிரேம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். பிழைச் செய்தி வராது, விளக்கு பச்சையாகவே எரியும். டேக்குக்குத் தன்னளவில் எந்த அதிகாரமும் இல்லை. கேபிளின் இரு முனையில் இருப்பவர்களும் அதை ஒரே மாதிரி படிக்கச் சம்மதித்தால் மட்டுமே அது பேசும்.

பாதுகாப்பின் வரம்பும் இதே இடத்தில்தான் இருக்கிறது. வி-லேன் எதையும் மறையாக்கம் செய்வதில்லை. டிரங்க் கேபிளில் காதை வைத்தவருக்கு எல்லா வி-லேனும் கேட்கும். டிரங்கில் டேக் இல்லாமல் போக அனுமதிக்கப்பட்ட வி-லேனை நேட்டிவ் வி-லேன் என்பார்கள். புதிய சுவிட்சில் இது 1 என்றிருக்கும். அந்த வி-லேனில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டேக் போட்ட ஃபிரேமை அனுப்பினால் என்ன ஆகும்? முதல் சுவிட்ச் வெளி டேக்கைக் கழற்றிவிடும். இரண்டாவது சுவிட்ச் உள்ளே இருக்கும் டேக்கைப் படித்து, அவர் போகக்கூடாத வி-லேனில் இறக்கிவிடும். பதில் திரும்பி வராது என்றாலும் இது ஓட்டைதான். நேட்டிவ் வி-லேனாக யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணை வைப்பதும், ஆள் மாட்டும் போர்ட்டில் டேக் போட்டு வருவதை ஏற்காமல் விடுவதும் இதற்கு மருந்து.

தெருவுக்கு வந்த டேக்

வி-லேன் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் மட்டும் என்று நினைக்கவேண்டாம். வீட்டுக்கு பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர், ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியின் செட்டிங்கில் ஒரு வி-லேன் எண்ணைத் தட்டுவார். இணையத்துக்கு ஓர் எண், தொலைபேசிக்கு வேறோர் எண். ஒரே கண்ணாடி இழையில் இரண்டும் கலந்து போய் மறுமுனையில் பிரிகின்றன. வேறு பெட்டி வாங்கி மாட்டி, அந்த எண்ணைப் பதிய மறந்தால், ஃபைபர் விளக்கு சரியாக எரிந்தாலும் இணையம் வராது.

லட்சக்கணக்கான வீடுகளை இணைக்கும் நிறுவனத்துக்கு 4094 எண் போதாது. அதனால் 2005-இல் 802.1ஏ.டி. என்ற தரம் வந்தது: டேக்குக்கு வெளியே இன்னொரு டேக். வெளி எண் வட்டாரத்தைச் சொன்னால், உள் எண் வாடிக்கையாளரைச் சொல்லும். மேலே தாக்குதலாகப் பார்த்த இரட்டை டேக், இங்கே இரு முனையும் அறிந்து செய்வதால் சேவையாகிறது. பெரிய தரவு மையங்களுக்கு அதுவும் போதாமல், 2014-இல் 24 பிட் எண் கொண்ட விஎக்ஸ்-லேன் முறை வெளியானது. அதில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள் அடங்கும்.

எத்தனை பெரிதானாலும் அடிப்படை மாறவில்லை: வயர் ஒன்று, எண் வேறு, இரு முனையும் அறிந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு சுவிட்சின் வெளியே எங்கும் எழுதப்பட்டிருக்காது. சுவிட்சைப் பார்த்து, எந்தப் போர்ட் எந்த வி-லேன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கடைக்கோ பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ இதை அமைத்துக் கொடுத்துவிட்டு டெக்னீஷியன் கிளம்பும்போது, காசு கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்: போர்ட் வாரியாக எழுதிய அட்டவணை, சுவிட்சின் பாஸ்வேர்டு, செட்டிங்கின் பிரதி ஒரு பென்டிரைவில். அட்டவணையைச் சுவிட்ச் பெட்டியின் கதவு உள்பக்கம் ஒட்டிவிடலாம். அடுத்து வருபவர் வேறு ஆளாக இருப்பார். அவருக்கு அந்த ஏற்பாட்டைச் சொல்ல அந்தத் தாளை விட்டால் வேறு சாட்சி இல்லை.